இல்லாத பணத்தில் வாங்கப்படும் கலைப்பொருள்கள்: பிரிட்டனில் கொள்முதல் நல்கைகள் இயங்கும் விதம்

2023-ஆம் ஆண்டில் லண்டனின் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி, பசிபிக் தீவுகளிலிருந்து பிரிட்டன் வந்த மாய் என்ற இளைஞரை ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் ஏறத்தாழ 1776-இல் தீட்டிய ‘மாய்’ உருவப்படத்தை 5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தனியார் ஒருவருக்குச் சொந்தமான அந்த ஓவியத்தின் ஏற்றுமதியை அரசு அதற்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தது. வாங்கியது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும், அந்தக் காட்சியகத்தின் கையில் 5 கோடி பவுண்டு இருந்ததில்லை. விலையில் பாதியை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கெட்டி அருங்காட்சியகம் தந்தது. மறுபாதியில் 1 கோடியைத் தேசிய மரபுடைமை நினைவு நிதியமும், 25 லட்சத்தை ஆர்ட் ஃபண்ட் என்ற அறநிறுவனமும் அளித்தன. எஞ்சியதைப் பிற அறக்கட்டளைகளும் பொதுமக்களும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இச்செய்தியைப் படித்தவர்களுக்கு மூன்று கேள்விகள் எழுந்திருக்கும். தனியார் ஒருவருக்குச் சொந்தமான ஓவியத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப விடாமல் அரசு எப்படி நிறுத்தி வைக்க முடிந்தது? பணமில்லாத அருங்காட்சியகத்துக்குப் பணம் திரட்டும் அவகாசம் எங்கிருந்து வந்தது? போட்டியாளராக இருக்க வேண்டிய அமெரிக்க நிறுவனம் ஏன் பங்காளியாக வந்தது? மூன்றுக்கும் விடை ஒரே ஏற்பாட்டுக்குள்தான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதி நல்கை. ஆனால் ஒரு பொருளை நாட்டில் நிறுத்துவதில் பணத்தைவிடச் சட்டம் தரும் கால அவகாசத்துக்கும் வரிவிதிகள் தரும் தள்ளுபடிக்குமே பங்கு அதிகம்.

## கொள்முதல் நல்கை என்றால் என்ன?

அருங்காட்சியகங்களுக்கு வரும் பணம் பல வகைப்படும். ஊழியர் சம்பளம், மின்கட்டணம், கூரைப் பழுது ஆகியவற்றுக்கு வருவது நடைமுறைச் செலவு நிதி. ஒரு குறிப்பிட்ட பொருளை நிரந்தரத் தொகுப்பில் சேர்ப்பதற்காக மட்டும் தரப்படுவது கொள்முதல் நல்கை. செய்தித்தாள்கள் இதை மானியம் என்று எழுதுவதுண்டு. ஆனால் உரத்துக்கோ எரிவாயுவுக்கோ தரப்படும் மானியம்போல இது ஒரு விலையைப் பொதுவாகக் குறைப்பதில்லை. இன்ன பொருள், இன்ன விலை, இன்ன அருங்காட்சியகம் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து வழங்கப்படுகிறது. வாங்கியவர் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை என்பதால் கடனும் அன்று.

இதன் அடிப்படை இயல்புகள் மூன்று.

1. நல்கை பெரும்பாலும் விலையின் ஒரு பகுதிக்கே கிடைக்கும். மீதியை வேறு இடங்களில் தேடிச் சேர்க்கும் பொறுப்பு அருங்காட்சியகத்துடையது.

2. வாங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு ரசீதைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. பொருள் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதென்றால் நல்கை இல்லாமலே வாங்க முடிந்திருக்கிறது என்பது இவ்விதியின் வாதம்.

3. ஒரு நிதியம் தரும் பணம் மற்றொன்றின் முடிவைத் தூண்டும். முதல் பெரிய நல்கை அறிவிக்கப்பட்டதும், இது நடக்கக்கூடிய காரியம்தான் என்ற நம்பிக்கை பிறக்கிறது. தயங்கி நின்றவர்கள் அதன் பிறகே பணப்பையைத் திறக்கிறார்கள்.

பல நிதிகள் சேர்ந்து ஒரு விலையை எட்டும் விதத்துக்கு மேக்கிள்ஸ்ஃபீல்டு சங்கீதப் புத்தகம் நல்ல சான்று. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியப் பகுதியில் 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஏறத்தாழ 1330-இல் உருவாக்கப்பட்ட, பைபிளின் சங்கீதப் பாடல்கள் அடங்கிய இந்த ஓவியச் சுவடி 2004-இல் ஏலத்துக்கு வந்தபோது, அதை வென்றது கெட்டி அருங்காட்சியகம். ஏற்றுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் அதே விலையை, அதாவது சுமார் 17 லட்சம் பவுண்டைத் திரட்ட வேண்டியிருந்தது. தேசிய மரபுடைமை நினைவு நிதியம் 8.6 லட்சமும், ஆர்ட் ஃபண்ட் 5 லட்சமும் தந்தன. மீதியைப் பொதுமக்களிடம் விடுத்த வேண்டுகோள் உள்ளிட்ட பிற வழிகள் நிரப்பின. 2005-இல் சுவடி கேம்பிரிட்ஜுக்குச் சேர்ந்தது.

## நிதியங்கள் பிறந்த கதை

பிரிட்டனில் இதற்கென ஒரே அலுவலகம் இல்லை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அதிர்ச்சிகளுக்கு எதிர்வினையாகத் தோன்றிய நிதியங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

மிகப் பழையது 1881-இல் தொடங்கியது. இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று அறியப்படும் நிறுவனம் அப்போது சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் என்ற பெயரில் இருந்தது. லண்டனுக்கு வெளியேயுள்ள அருங்காட்சியகங்கள் பொருள்கள் வாங்குவதற்கு அதன் வழியாக அரசுப் பணம் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த நிதி இன்றும், கலைகளுக்கு அரசுப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் இங்கிலாந்து கலைக் கழகத்தின் பணத்துடன் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள வட்டார அருங்காட்சியகங்களுக்கு உதவுகிறது. ஸ்காட்லாந்துக்கு 1953 முதல் தனி நிதி உண்டு. தலைப்புச் செய்திகளில் இவற்றின் பெயர் அரிதாகவே அடிபடும். ஒரு கடிகாரம், ஒரு வெள்ளிக் குவளை, ஓர் ஊர்க்காட்சி ஓவியம் என்று சிறு விலைப் பொருள்கள் மாவட்ட நகரங்களில் தங்கியிருப்பதற்கு இவையே பெருங்காரணம் என்பதால், 5 கோடிக் கதைகளைவிட இவற்றின் வேலை முக்கியமானது என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது, 1903-இல் தனியார் சிலர் தொடங்கிய தேசியக் கலைத்தொகுப்பு நிதி. இன்று அதன் பெயர் ஆர்ட் ஃபண்ட். அரசுப் பணத்தை நம்பாமல் உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் இயங்குவது. அமெரிக்கக் கோடீஸ்வரர்களும் ஜெர்மன் அருங்காட்சியகங்களும் பிரிட்டிஷ் பிரபுக்களின் மாளிகைகளிலிருந்து ஓவியங்களை வாங்கிக் குவித்த காலம் அது. 1906-இல் வெலாஸ்கெஸின் ‘ரோக்பி வீனஸ்’ ஓவியத்தை 45,000 பவுண்டுக்கு வாங்கி நேஷனல் கேலரிக்கு அளித்ததில் இந்த அமைப்பின் பெயர் நிலைத்தது. 1909-இல் நார்ஃபோக் கோமகனிடமிருந்த ஹோல்பைனின் ‘டென்மார்க்கின் கிறிஸ்டீனா’ ஓவியத்துக்கு 72,000 பவுண்டு தேவைப்பட்டது. கெடு முடியும் தறுவாயில் பெயர் வெளியிட விரும்பாத ஒரு பெண்மணி 40,000 பவுண்டு தந்து அதைக் காப்பாற்றினார். விலையில் பாதிக்கும் மேலானதை அறியப்படாத ஒரே ஆள் தந்த அந்த நிகழ்ச்சி, இத்துறை எவ்வளவு மெல்லிய கயிற்றில் நடக்கிறது என்பதற்குத் தொடக்ககாலச் சாட்சி.

மூன்றாவதன் பின்னணிதான் பாடம் நிறைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946-இல் நிதியமைச்சர் ஹ்யூ டால்ட்டன், உபரிப் போர்த் தளவாடங்களை விற்ற பணத்திலிருந்து 5 கோடி பவுண்டை ஒதுக்கித் தேசிய நில நிதியை அமைத்தார். போரில் மாண்டவர்களின் நினைவாக நாட்டின் அழகிய நிலங்களையும் மாளிகைகளையும் பொதுவுடைமையாக்குவது நோக்கம். பணத்தை அதிகம் செலவிடாமல் விட்டதால் வட்டி சேர்ந்து நிதி வளர்ந்தது. வளர்ந்ததைக் கண்ட நிதித்துறை 1957-இல் அதிலிருந்து 5 கோடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு 1 கோடியை மட்டும் விட்டுவைத்தது.

1974-இல் ரோஸ்பரி பிரபு இறந்தபோது, பக்கிங்ஹாம்ஷயரில் ராத்ஸ்சைல்டு குடும்பத்தினர் கட்டிய மென்ட்மோர் மாளிகையையும் அதன் அறைகலன்கள், ஓவியங்கள், பீங்கான்கள் அனைத்தையும் வரிக்கு ஈடாகச் சுமார் 20 லட்சம் பவுண்டு மதிப்பில் அரசுக்குத் தர வாரிசுகள் முன்வந்தார்கள். அரசு மறுத்தது. 1977-இல் உள்ளிருந்த பொருள்களை மட்டும் ஏலம் விட்டதில் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அந்த ஏலத்தில் வேறொரு ஓவியர் வரைந்ததாகக் குறிக்கப்பட்டு 8,000 பவுண்டுக்கு விலைபோன ஓவியம், பிரெஞ்சு மேதை ஃபிராகோனாருடையது என்று பின்னர் தெளிவானது. அதை நேஷனல் கேலரி பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. எழுந்த கண்டனத்தின் விளைவாக 1980-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது; நில நிதியின் எஞ்சிய பணம் தேசிய மரபுடைமை நினைவு நிதியமாக மறுபிறவி எடுத்தது. அமைச்சர்களின் தலையீடு இன்றி அறங்காவலர்களே முடிவெடுப்பது இதன் அமைப்பு. வேறெங்கும் பணம் கிடைக்காதபோது நாட வேண்டிய கடைசிப் புகலிடம் என்பது இதன் பணி வரையறை.

## பொருளை நிறுத்தி வைக்கும் சட்டம்

பணம் சேரும்வரை பொருள் நாட்டை விட்டுப் போகாமல் இருந்தால்தான் நல்கைக்குப் பயனுண்டு. அந்த அவகாசத்தைத் தருவது ஏற்றுமதி உரிம முறை. 50 ஆண்டுகளுக்கு மேல் பழமையானதும் வரையறுக்கப்பட்ட மதிப்பைத் தாண்டியதுமான கலைப்பொருளை வெளிநாடு அனுப்ப உரிமம் வேண்டும். நடைமுறை இப்படிச் செல்கிறது.

1. உரிமையாளர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறார். அருங்காட்சியக நிபுணர் ஒருவர் அதைப் பார்வையிடுகிறார். பெரும்பாலான பொருள்களுக்கு மறுப்பு எதுவும் எழுவதில்லை, உரிமம் கிடைத்துவிடுகிறது.

2. நிபுணர் மறுத்தால் விஷயம் ஏற்றுமதி ஆய்வுக் குழுவிடம் போகிறது. 1952-இல் வேவர்லி பிரபுவின் தலைமையிலான குழு வகுத்த மூன்று கேள்விகளை அது கேட்கிறது: நாட்டின் வரலாற்றோடும் வாழ்வோடும் நெருங்கிப் பிணைந்ததா? கலையழகில் தலைசிறந்ததா? ஏதேனும் ஓர் ஆய்வுத்துறைக்குத் தனிச்சிறப்பு வாய்ந்ததா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலே அது தேசியக் கருவூலம்.

3. குழுவின் பரிந்துரைப்படி அமைச்சர் உரிம முடிவைச் சில மாதங்களுக்குத் தள்ளி வைக்கிறார். நியாயமான சந்தை விலையும் அறிவிக்கப்படுகிறது. பணம் திரட்டும் முயற்சி மெய்யாகவே நடப்பதாகத் தெரிந்தால் கெடு நீளும். ‘மாய்’ ஓவியத்துக்கு அது ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீண்டது.

4. கெடுவுக்குள் அதே விலைக்கு அருங்காட்சியகம் ஒன்று முன்வந்தால் உரிமையாளர் விற்கலாம். விற்க மறுத்தால் ஏற்றுமதி உரிமமும் மறுக்கப்படலாம். யாரும் முன்வராவிட்டால் பொருள் கப்பலேறிவிடும்.

இது பறிமுதல் அன்று என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் நஷ்டப்படக் கூடாது, வெளிநாட்டு வாங்குநரும் நேர்மையாக நடத்தப்பட வேண்டும், நாட்டுக்கும் ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற மூன்று நலன்களுக்கு இடையிலான உடன்பாடு இது. ஆனால் நீண்ட காலம் இதில் ஓர் ஓட்டை இருந்தது. அருங்காட்சியகம் பாடுபட்டு முழு விலையையும் சேர்த்து வந்த பிறகும் உரிமையாளர் மனம் மாறி விற்பதில்லை என்று சொல்லிவிட முடியும். பொன்டோர்மோ வரைந்த சிவப்புத் தொப்பி இளைஞரின் உருவப்படத்துக்காக நேஷனல் கேலரி 3 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டியது. இதற்கிடையே ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது பற்றிய 2016-இன் பொது வாக்கெடுப்புக்குப் பின் பவுண்டின் மதிப்பு சரிந்தது. அதே பவுண்டுத் தொகை டாலரில் பெரும் இழப்பாகிவிட்டதால் அமெரிக்க உரிமையாளர் 2017-இல் விற்க மறுத்தார். நல்கை தந்தவர்கள், நன்கொடை தந்தவர்கள், மாதக்கணக்கில் உழைத்த ஊழியர்கள் எல்லோருடைய முயற்சியும் வீணாயிற்று. 2021-இன் தொடக்கத்திலிருந்து, ஏற்றுமதி தள்ளிவைக்கப்படும் கட்டத்தில் உரிமையாளர் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்புதலைத் தரும் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது.

தேசியக் கருவூலம் என்ற தொடரில் உள்ள ‘தேசிய’ என்ற சொல்லைத் தமிழ் வாசகர் சற்று நின்று பார்ப்பது நல்லது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது உடைத்துப் பங்கிடப்பட்ட திப்பு சுல்தானின் அரியணையை அலங்கரித்த பொற்புலித் தலைகளில் ஒன்றை, 15 லட்சம் பவுண்டு மதிப்பில், 2021-இல் பிரிட்டன் இப்படித்தான் தேசியக் கருவூலம் என்று அறிவித்து ஏற்றுமதியை நிறுத்தியது. பொருள் எங்கே செய்யப்பட்டது, எப்படி வந்து சேர்ந்தது என்பவை வேவர்லி கேள்விகளில் இல்லை. இப்போது எங்கே இருக்கிறது, போய்விட்டால் இங்கே என்ன இழப்பு என்பதை மட்டுமே அவை கேட்கின்றன.

## வரிக் கணக்கில் ஒளிந்திருக்கும் நல்கை

பொருளின் விலை முழுவதும் ரொக்கமாகத் திரள வேண்டியதில்லை. விலையின் ஒரு பகுதியை வரிவிதியே கரைத்துவிடும் வழிகள் இரண்டு உண்டு. இவை இல்லாவிட்டால் பிரபு வீட்டுப் பொருள்கள் பலவும் அருங்காட்சியகத்துக்கு எட்டாக்கனியே.

முதலாவது தனிப்பேச்சு விற்பனை. சிறந்த கலைப்பொருளை வாரிசாகப் பெற்ற ஒருவர், பொதுமக்கள் பார்க்க இடமளிப்பது முதலான நிபந்தனைகளை ஏற்று, வாரிசுரிமை வரியிலிருந்து விலக்குப் பெற்றிருக்கலாம். அதை வெளிச்சந்தையில் விற்றால் விலக்கு போய் வரி விழும். ஏலத்தைத் தவிர்த்துத் தகுதிபெற்ற அருங்காட்சியகத்துக்கே விற்றால் வரி இல்லை. மிச்சமாகும் வரியை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கணக்கு இதோ.

1. பொருளின் சந்தை விலை 1,00,000 பவுண்டு, வரி 40 விழுக்காடு என்று கொள்வோம். வெளியே விற்றால் வரி 40,000 போக உரிமையாளர் கையில் நிற்பது 60,000.

2. அருங்காட்சியகத்துக்கு விற்றால், செலுத்தாமல் மிஞ்சிய வரியில் வழக்கமாக 25 விழுக்காடு, அதாவது 10,000 பவுண்டு, ஊக்கத் தொகையாக உரிமையாளருக்குச் சேரும். அவர் பெறுவது 70,000.

3. அருங்காட்சியகம் செலுத்துவதும் அதே 70,000. ஒரு லட்சம் மதிப்புள்ள பொருள் 30,000 குறைவாகக் கிடைக்கிறது. விற்பவருக்கோ 10,000 கூடுதல்.

அரசு இழப்பது 40,000 பவுண்டு வரி. ஆகவே இதுவும் பொதுப்பணம்தான். ஒதுக்கீட்டுப் பட்டியலில் வராத, நாடாளுமன்றத்தில் யாரும் கேள்வி கேட்காத நல்கை.

இரண்டாவது, வரிக்கு ஈடாகப் பொருளையே ஒப்படைப்பது. 1910-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வேர் கொண்ட இந்த ஏற்பாட்டில் அரசு பொருளை வாங்கி ஓர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குகிறது. இங்கும் அதே ஊக்கக் கணக்கு பொருந்தும். பொருளின் மதிப்பு செலுத்த வேண்டிய வரியைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசத்தை மட்டும் அருங்காட்சியகம் தர வேண்டும். நல்கைகள் பலவும் இந்த வித்தியாசத்தை அடைக்கவே பயன்படுகின்றன. இறப்புக்குப் பிந்திய வரியோடு தொடர்பில்லாமல், உயிரோடிருக்கும்போதே கொடையளித்து வரிச்சலுகை பெறும் திட்டமும் 2013-இலிருந்து இருக்கிறது.

## அலங்காரக் கலைப் பொருள்களின் தனிச் சிக்கல்

ஓவியத்துக்கு நன்கொடை கேட்பது எளிது. சுவரொட்டியில் அச்சிட்டால் முகம் தெரியும், பெயர் தெரியும். ஒரு வெள்ளி விளக்குத் தண்டுக்கோ பீங்கான் தட்டு வரிசைக்கோ அந்த வசதி இல்லை. அலங்காரக் கலை என்று நூலகப் பகுப்பில் ஒதுக்கப்படும் அறைகலன், பீங்கான், கண்ணாடி, வெள்ளி, நெசவு, கடிகாரம், நகை முதலியவற்றின் மதிப்பு பல சமயம் தனிப்பொருளில் இல்லை. அவை இருந்த அறையில், சேர்ந்திருந்த வரிசையில், செய்வித்தவரின் கணக்கேட்டில் இருக்கிறது. மென்ட்மோர் ஏலத்தில் சிதறியது அந்த உறவுதான். அதைத் திரும்ப வாங்க எந்த நிதியத்தாலும் முடியாது.

ஃபுளோரன்ஸ் நகரப் பட்டறையில் 1720-களில் மூன்றாம் போஃபோர்ட் கோமகனுக்காகச் செய்யப்பட்ட பேட்மின்டன் பேழை இதற்கு எடுத்துக்காட்டு. கருங்காலி மரத்தில் வண்ணக் கற்களை இழைத்த, ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ள இந்தப் பேழை 1990-இல் சுமார் 86 லட்சம் பவுண்டுக்கு விலைபோய், அறைகலன் ஏலங்களில் புதிய உச்சம் தொட்டது. ஏற்றுமதி தள்ளிவைக்கப்பட்டது, நிதி திரட்டும் முயற்சியும் நடந்தது, பணம் சேரவில்லை. 2004-இல் அது மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது 1.9 கோடி பவுண்டைத் தாண்டித் தன் உச்சத்தைத் தானே முறியடித்து வியன்னாவின் லீக்டன்ஸ்டைன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஒரு நாட்டின் நிதியங்கள் 86 லட்சத்துக்குத் தயங்கியது தவறா என்று கேட்டால், 1990-இன் நிலையில் தவறென்று சொல்வது கடினம். அதே பணத்தில் நூற்றுக்கணக்கான சிறு கொள்முதல்கள் நடந்திருக்கும்.

முழுத் தொகுப்பாக வந்தால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கும். 1759-இல் ஜோசையா வெட்ஜ்வுட் தொடங்கிய மண்பாண்ட நிறுவனத்தின் வழிவந்த குழுமம் 2009-இல் நொடித்தது. அதன் அருங்காட்சியகம் தனி அறக்கட்டளை. ஆனால் அதன் ஊழியர் சிலர் நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தார்கள். மற்ற நிறுவனங்கள் வீழ்ந்துவிட, எஞ்சி நின்ற அருங்காட்சியகத்தின் தலையில் 13.4 கோடி பவுண்டு ஓய்வூதியக் கடன் விழுந்தது. பீங்கான்கள், ஓவியங்கள், மாதிரிப் புத்தகங்கள் என 80,000 பொருள்கள் கொண்ட தொகுப்பைக் கடனுக்காக விற்கலாம் என்று 2011-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1 கோடியே 57.5 லட்சம் பவுண்டுக்கு முழுத்தொகுப்பையும் வாங்க ஆர்ட் ஃபண்ட் உடன்பாடு செய்தது. தேசிய லாட்டரி வருவாயிலிருந்து வரும் நிதியும் அறக்கட்டளைகளும் 1.3 கோடியைத் தர, மீதி 27.4 லட்சத்தைப் பொதுமக்கள் 2014-இல் ஒரு மாதத்துக்குள் தந்துவிட்டார்கள். தொகுப்பு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக்கப்பட்டு, நெடுங்கால இரவலாக அதன் பழைய இடமான பார்லஸ்டனிலேயே இருக்கிறது. ஏற்கெனவே அருங்காட்சியகத்தில் இருந்ததை அருங்காட்சியகத்துக்காகவே மறுபடி விலைகொடுத்து வாங்கிய விந்தை இது.

சிறு பொருள்களுக்கு வேகம் தேவை. ஏலப் பட்டியல் வெளிவந்து சில வாரங்களில் ஏலம் நடந்துவிடும். அதற்குள் அருங்காட்சியகப் பொறுப்பாளர் பொருளின் நிலையை ஆராய்ந்து, உடைமை வரலாற்றைச் சரிபார்த்து, விண்ணப்பம் எழுதி, நிதியத்தின் நிபுணர் கருத்தையும் பெற்றாக வேண்டும். ஏல நிறுவனத்தின் தரகும் அதன் மீதான வரியும், ஏலத்தில் முடிவாகும் சுத்தியல் விலையோடு சேரும் என்பதால் எல்லாவற்றையும் உள்ளடக்கிய உச்ச விலை முன்கூட்டியே முடிவாகிறது. அந்த உச்சத்தை வெளியே சொல்லக் கூடாது. எதிரே அமர்ந்திருப்பவர் அதற்கு மேல் ஒரு படி ஏறினாலே எல்லாம் முடிந்தது. ஏலக் கூடத்தில் நின்றுகொண்டு நிதியத்தைத் தொலைபேசியில் அழைத்துப் புது முடிவு பெற நேரமிராது.

தனியொருவரின் கொடை இங்கும் கை கொடுப்பதுண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் அணிந்திருந்த, நீலப்பச்சைக் கல் பதித்த பொன் மோதிரத்தை 2012-இல் அமெரிக்கப் பாடகி கெல்லி கிளார்க்சன் 1,52,450 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தார். ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. ஆஸ்டின் வாழ்ந்த வீட்டிலுள்ள அருங்காட்சியகம் வேண்டுகோள் விடுத்ததும், பெயர் கூறாத ஒருவர் 1 லட்சம் பவுண்டு தந்தார். 2013-இல் மோதிரம் அந்த வீட்டுக்கே வந்தது. 1909-இன் ஹோல்பைன் கதையோடு இதை ஒப்பிட்டால், நூறாண்டுக்குப் பிறகும் கடைசிக் கட்டத்தில் யாரோ ஒருவரின் காசோலையை நம்பித்தான் ஏற்பாடு நிற்கிறது என்பது தெரியும்.

யானைத் தந்தம் தனிக் கதை. 2018-இல் இயற்றப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம் பிரிட்டனில் தந்தப் பொருள் வணிகத்தைப் பெரும்பாலும் தடை செய்கிறது. தந்தத் தகட்டில் வரைந்த சிற்றுருவப் படங்களும் தந்தம் இழைத்த அறைகலன்களும் அலங்காரக் கலையில் கணிசமானவை. தகுதிபெற்ற அருங்காட்சியகங்கள் வாங்குவதற்குச் சட்டம் விலக்களிக்கிறது.

## நல்கையோடு வரும் கட்டுப்பாடுகள்

பணம் தருபவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே மாதிரியானவை.

1. அருங்காட்சியகம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். 1988-இல் பதிவு முறையாகத் தொடங்கிய இந்தத் தரச்சான்று, பாதுகாப்பு, ஆவணப்படுத்தல், நிர்வாகம் ஆகியவற்றைச் சோதிக்கிறது.

2. பொருளின் உடைமை வரலாறு தூய்மையாக இருக்க வேண்டும். 1933 முதல் 1945 வரையிலான நாஜிக் கொள்ளைக் காலமும், பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கையின் ஆண்டான 1970-உம் இங்கே கவனிக்கப்படும் எல்லைகள். இடையில் வரலாறு அறுந்திருந்தால் எவ்வளவு அழகிய பொருளானாலும் விண்ணப்பம் நிற்காது.

3. பொதுமக்கள் பார்க்க வழி இருக்க வேண்டும். நல்கையின் பங்கைக் குறிப்பட்டையில் சொல்ல வேண்டும்.

4. விற்கக் கூடாது.

நான்காவதுதான் கூர்மையானது. 2014-இல் நார்தாம்ப்டன் நகராட்சி, தன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வந்திருந்த செகெம்கா என்ற பண்டை எகிப்தியச் சிலையை ஏலத்தில் விட்டு 1 கோடியே 57 லட்சம் பவுண்டுக்கு மேல் ஈட்டியது. அறநெறிக்கு மாறான விற்பனை என்று கூறி இங்கிலாந்து கலைக் கழகம் அந்த நகராட்சியின் அருங்காட்சியகங்களுக்கான அங்கீகாரத்தை நீக்கியது. அங்கீகாரம் போனால் நல்கைகளுக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் போகிறது. ஒரு பொருளை விற்றதற்குத் தண்டனை, இனி பல பொருள்களை வாங்க முடியாமற்போவது.

## பங்குடைமை: போட்டியாளர் பங்காளியான கதை

விலைகள் நிதியங்களை எப்போதோ முந்திவிட்டன. தேசிய மரபுடைமை நினைவு நிதியத்துக்கு அண்மைக் காலத்தில் அரசு தரும் வழக்கமான ஒதுக்கீடு ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு அளவில் இருந்துவந்திருக்கிறது. ‘மாய்’ ஓவியத்துக்கு அது தந்த 1 கோடி, அப்படிப்பட்ட இரண்டு ஆண்டுகளின் ஒதுக்கீட்டுக்குச் சமம். ஏற்றுமதி தள்ளிவைப்பில் அறிவிக்கப்படும் விலையும் உலகச் சந்தையின் விலையே என்பதால், சட்டம் பொருளை நிறுத்தி வைக்குமே தவிர மலிவாக்காது. வாங்கிய பிறகு காப்பீடு, வெப்பநிலைக் கட்டுப்பாடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கான செலவு ஆண்டுதோறும் தொடரும். கொள்முதல் நல்கை அதைச் சுமப்பதில்லை.

இதற்கு அருங்காட்சியகங்கள் கண்டுபிடித்த வழி கூட்டு உடைமை. இத்தாலியச் சிற்பி கனோவாவின் ‘மூன்று எழிலணங்குகள்’ சிற்பத்தை 76 லட்சம் பவுண்டுக்குக் கெட்டி வாங்க முயன்றபோது, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமும் ஸ்காட்லாந்தின் தேசியக் காட்சியகங்களும் சேர்ந்து 1994-இல் அதைத் தக்கவைத்தன. இத்தாலிய ஓவியர் டிஷனின் ‘டயானாவும் ஆக்டியோனும்’ 2009-இல் 5 கோடிக்கும், அதன் இணையான ‘டயானாவும் கலிஸ்டோவும்’ 2012-இல் 4.5 கோடிக்கும் லண்டன் நேஷனல் கேலரிக்கும் ஸ்காட்லாந்துக்கும் பொதுவாயின. கனோவாவில் தோற்று, சங்கீதப் புத்தகத்திலும் தோற்ற கெட்டி, ‘மாய்’ ஓவியத்தில் பாதி விலை தந்து உள்ளே வந்தது. வெளிநாட்டுக்குப் போகாமல் தடுக்கவென்று கட்டிய வேலிக்குள் வெளிநாட்டு நிறுவனத்தையே பங்காளியாகச் சேர்த்தது கொள்கைச் சரிவு என்பாருண்டு. ஆனால் மறுவழி, பேட்மின்டன் பேழை போன வழிதான். பாதி ஆண்டுகள் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தாலும் ஓவியம் பொதுமக்கள் பார்வையிலேயே இருக்கும். தனியார் காப்பறைக்குள் மறையாது.

ஒப்பந்தப்படி ‘மாய்’ இரு நாடுகளுக்கும் இடையே மாறி மாறிப் பயணம் செய்யும். பிரிட்டனில் அது லண்டனோடு நிற்கவில்லை. பிராட்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பிளிமத் நகரங்களின் காட்சியகங்களுக்கும் அனுப்பப்பட்டது. ரெனால்ட்ஸ் பிறந்த பிளிம்ப்டன், பிளிமத்தை ஒட்டிய ஊர். அந்த நகர அருங்காட்சியகம் தனியாக 5 கோடி பவுண்டு திரட்டுவது நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் கூட்டு உடைமை எழுதிவைத்த பயண நிரலில் அதற்கும் சில மாதங்கள் கிடைத்தன.